ஏரிக்கரை ஊர்கள் – 9: நின்று பார்த்தால்தான் தெரியும்

பாடு முறையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். பழவேற்காட்டு முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். அவற்றைக் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்று ஒரு கூட்டத்துக்கு வாய்த்த இடம் நாளைக்கு இன்னொரு கூட்டத்துக்குப் போகும். ஒருவரே நல்ல இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. அதை எழுதி முடித்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. தகப்பனும் சித்தப்பாவும் தினமும் போடுகிற இந்தக் கணக்கு, பிள்ளைகள் படிக்கிற கணக்குப் புத்தகத்துக்குள் என்றைக்காவது வருமா? வரவேண்டுமென்றால் கொண்டுவரப்போவது யார்?

கொண்டுவரக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். ஏரிக்கரையிலேயே பிறந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், கணிதத்தையோ இயற்பியலையோ ஆழமாகப் படித்து நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வருகிற பிள்ளை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கல்லூரி என்றால் பொன்னேரி அரசுக் கல்லூரி. மற்றவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி ரயில். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே அனுப்பம்பட்டில் அந்த ரயில் நிற்கும்போது, காலை நேரத்தில் பையும் புத்தகமுமாக ஏறுகிறவர்களைப் பார்த்தால் போதும். கடலையும் ஏரியையும் வயலையும் விட்டுச் சென்னையை நோக்கி ஒரு தலைமுறையே பயணம் செய்துகொண்டிருக்கிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம் அடுத்து என்ன என்று கேட்டால் வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., கம்ப்யூட்டர் கம்பெனி என்று பதில் வரும். ஆசிரியர் வேலை அந்தப் பட்டியலில் கடைசியில் இருக்கும். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு அது கொஞ்சம் குறைவான வேலை என்ற எண்ணம் வீட்டிலும் இருக்கிறது, கல்லூரியிலும் இருக்கிறது. இந்த எண்ணம் தவறு. இன்றைய கட்டுரையை அதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தவர். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் திருத்தணி, கிழக்குக் கோடியில் பழவேற்காடு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் தத்துவம் எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார், செலவு மிச்சமாயிற்று. 1909இல் மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார், அடுத்து சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். 1921இல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள். 1962 முதல் அவருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. செலவுக்குப் பயந்து எடுத்த பாடம், கிடைத்த இடத்தில் கிடைத்த வேலை என்று அது தொடங்கியது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர், அதே கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்குப் பின் சில ஆண்டுகள் கழித்துப் படித்த எஸ். ஆர். ரங்கநாதன். நூலக இயலின் தந்தை என்றே அவரை நமக்குத் தெரியும். ஆனால் நூலகத்துக்கு முன்பே அவருடைய மனம் வகுப்பறைக்குப் போய்விட்டது. அந்தப் பகுதியை யாரும் அதிகம் சொல்வதில்லை.

ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தார். கிறிஸ்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஜார்ஜ் டவுனில் இருந்தது. நம் ரயில் கடற்கரை நிலையம் வரை போகிற நாளில், இறங்கி நடக்கிற தூரம்தான் அந்த இடம். அங்கே 1913இல் பி.ஏ., 1916இல் எம்.ஏ., இரண்டும் கணிதத்தில். அவருக்கு வாய்த்த பேராசிரியர் எட்வர்ட் ராஸ். ராமானுஜனை நேரில் அறிந்தவர் இந்த ராஸ். கணிதத்தில் இவ்வளவு தூரம் வந்த இளைஞர் எந்தத் துறைக்கும் போயிருக்கலாம். ரங்கநாதன் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்குப் போய் எல்.டி. படித்தார். 1856இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் அது, இன்றும் இயங்குகிறது.

அவருக்குத் திக்குவாய் இருந்தது. பேச்சு தடுமாறுகிற ஒருவர் பேச்சையே பிழைப்பாகக் கொண்ட வேலையைத் தேடிப் போனார் என்பதை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகள் ‘எனக்கு மேடையில் பேச வராது, நான் எப்படி டீச்சர் ஆவேன்’ என்று கேட்கிறார்கள். ரங்கநாதன் 1917இல் மங்களூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார், பிறகு கோவை, 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரி. முழு நேரமும் தானே பேசித் தீர்க்கிற ஆசிரியராக அவர் இருக்கவில்லை. மாணவர்களை நூலகத்துக்கு அனுப்பிப் படித்துவரச் செய்து, வகுப்பில் அவர்களைப் பேசவிட்டு, அந்தப் பேச்சிலிருந்து பாடத்தை நடத்தினார். அவருடைய குறை அவரை அந்த முறைக்குத் தள்ளியதா, இல்லை மனதே அப்படித்தானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எப்படியிருந்தாலும், தடங்கல் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுகிறவரைவிட இப்படி நடத்துகிறவரிடம் மாணவன் அதிகம் கற்றுக்கொள்வான் என்றே நம்புகிறேன்.

வகுப்போடு அவர் நிற்கவில்லை. சென்னை ஆசிரியர் சங்கத்தில் கணித, அறிவியல் பிரிவின் செயலாளராக இருந்தார். ஆசிரியர்களின் சம்பளம் உயர வேண்டும் என்று முனைந்தார். கற்பிப்பதில் ஆசை உள்ளவர் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு வந்தது 1924. சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உண்டாக்கி விண்ணப்பம் கேட்டிருந்தது. சம்பளம் கல்லூரியைவிடக் கூடுதல். நண்பர்கள் வற்புறுத்த, மனமில்லாமல் விண்ணப்பித்தார், வேலையும் கிடைத்தது. ஜனவரியில் பொறுப்பேற்றார். சில வாரங்கள்கூட அவரால் தாங்க முடியவில்லை. ஆள் இல்லாத அறை, புத்தக அலமாரிகள், கேள்வி கேட்க ஒரு மாணவன் இல்லை. கல்லூரிக்கே திரும்பிப் போய், என்னை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல்வரிடம் கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி முடித்துவிட்டு வாருங்கள், அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் இடம் தருகிறோம் என்று பதில் வந்தது.

இந்தக் கதையில் நான் அதிகம் மதிக்கிற இடம் இதுதான். கற்பிக்கும் ஆசை தனக்கு எவ்வளவு இருந்தது என்பது வகுப்பறையை இழந்த பிறகே அவருக்கு முழுவதும் தெரிந்தது. ஏழு ஆண்டுகள் வகுப்பில் நின்றவர் என்பதால்தான் அந்த இழப்பு அவருக்கு உறைத்தது. ஒரு நாள்கூட நின்று பார்க்காதவருக்கு எதை இழக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

லண்டனிலிருந்து 1925இல் திரும்பியவர் மறுபடி இடம் கேட்கவில்லை. நூலகத்தையே வகுப்பறை ஆக்கும் வழியை அங்கே கண்டுவிட்டார். தன் துறைக்கான விதிகளை 1928இல் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவற்றுள் முதலாவதைச் சுருக்கமான வடிவில் எடுத்துக் கொடுத்தவர் பழைய கணிதப் பேராசிரியர் ராஸ்தான். புத்தகம் இருப்பது பயன்படுவதற்கே என்ற அந்த விதியில் தொடங்கும் நூல் 1931இல் வந்தது. இதற்கு நடுவில், 1929இல், சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். அதன் பின் காசி, டெல்லி, பெங்களூர் என்று எங்கே போனாலும் அவர் எதிரே மாணவர்கள் இருந்தார்கள். 1972இல் மறையும் வரை கற்பிப்பதை அவர் விடவில்லை.

சரி, ஏரிக்கரைக்குத் திரும்புவோம். ரங்கநாதனுக்கு எல்.டி. முடித்த கையோடு வகுப்பறை கிடைத்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, நம் ஊர்ப் பெண் ஒருத்திக்கு அல்லது பையனுக்குப் பிள்ளைகள் முன்னால் நின்று பார்க்க வாய்ப்பு எங்கே இருக்கிறது? ஒரு காலம் அது தமிழ்நாடு முழுக்க, தெருத்தெருவாக இருந்தது. கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் மூடிக் கிடந்த பிறகு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியைச் சொல்கிறேன்.

2021 அக்டோபர் 27 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதும் ஒரு கடலோரப் பக்கத்தில்தான், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஒரு தன்னார்வலருக்கு ஏறத்தாழ இருபது பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்க பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, எட்டாம் வகுப்பு வரை என்றால் பட்டம். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக் கூடம் என்று கிடைத்த இடத்தில் பாய் விரித்துப் பாடம் நடந்தது. அதே தெருவில் நேற்றுவரை ‘அக்கா’ என்று கூப்பிட்ட பிள்ளைகள் அன்றைக்கு ‘மிஸ்’ என்றார்கள், மறுபடி அக்கா என்றார்கள். இரண்டும் ஒரே ஆளாக இருந்ததுதான் அந்தத் திட்டத்தின் பலம்.

பலன் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு ஆய்வு இருக்கிறது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 கிராமப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளிகள் மூடியிருந்ததால் ஏற்பட்ட இழப்பு, மொழியைவிடக் கணக்கில் மிக அதிகம். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் கால்வாசிக்குக் காரணம் இந்த மாலை வகுப்புகள் என்று 2022இல் வெளியான அவர்கள் கணக்கு சொல்கிறது. அவ்வளவும் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிய பெண்களின் உழைப்பு. அந்தத் தொகை குறைவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆய்வாளர்கள் பிள்ளைகளைத்தான் அளந்தார்கள். அந்த மாலைகளில் கற்பிப்பவர்களுக்கு என்ன நடந்தது என்பது அந்த அளவுகோலுக்குள் வராது. வேறு வேலையை மனதில் வைத்திருந்தவர்கள், வீட்டுக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று நினைத்தவர்கள், பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்த பிறகு தங்களை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். ஒரு கழித்தல் கணக்கில் கடன் வாங்குவது ஏன் என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டு, அதற்கு ஒழுங்கான பதில் தன்னிடம் இல்லை என்று தெரிகிற நேரம் இருக்கிறதே, பல நல்ல ஆசிரியர்கள் அங்கேதான் பிறக்கிறார்கள்.

கணிதத்தை மேல்படிப்பாகப் படித்தவருக்கு இந்த இடத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். மூன்றாம் வகுப்புக் கழித்தலுக்கு எம்.எஸ்சி. எதற்கு? இதற்குப் பதில் சொல்லத்தான் பாடு முறையில் தொடங்கினேன்.

ஒரு பேச்சுக்கு, ஓர் ஊரில் ஏழு கூட்டம் முறை வைத்து வலை கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நல்ல இடம், நாளுக்கு ஒரு கூட்டம். இன்று வலை கட்டியவருக்கு அந்த இடம் மறுபடி எட்டாம் நாள் வரும். இதை நான்காம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டே சொல்லும். இப்போது அமாவாசையைக் கொண்டுவாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் ஏற்றமும் வற்றமும் வலுவாக இருக்கும், முகத்துவாரத்தில் ஓட்டம் எடுக்கும். இரண்டுக்கும் நடுவே தோராயமாகப் பதினைந்து நாள். அமாவாசையன்று முறை வந்த கூட்டத்துக்கு அடுத்த பௌர்ணமியிலும் முறை வருமா? பதினைந்தை ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே பௌர்ணமி முறை அடுத்த கூட்டத்துக்கு நகரும், அதற்கடுத்த அமாவாசை அதற்கும் அடுத்ததுக்கு. எல்லோருக்கும் நல்ல நாள் வந்துசேரும். கூட்டம் ஏழுக்குப் பதில் ஐந்து என்றால்? பதினைந்தை ஐந்தால் வகுத்தால் மீதி இல்லை. அமாவாசையும் பௌர்ணமியும் ஒரே கூட்டத்துக்கே விழுந்துகொண்டிருக்கும். முறை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் நியாயம் போய்விடும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவே சரியாகப் பதினைந்து நாள் இல்லை, பதினான்கே முக்கால் நாள். அந்தக் கால் நாள் சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் நகர்த்திவிடும். ஐந்து கூட்டத்திலும் நல்ல நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறும். மூன்றாம் வகுப்பு வகுத்தலில் ஆரம்பித்து, மீதி, பொது வகுத்தி, தசமம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு எண் கோட்பாட்டின் வாசலுக்கே வந்துவிட்டோம். பிள்ளையின் எதிரே நின்று, அதன் கேள்வி எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே போக வேண்டுமென்றால், பாடம் முழுவதும் தெரிந்தவராக இருக்க வேண்டும். பாடம் மட்டும் தெரிந்து ஏரியைத் தெரியாதவர் இந்தக் கணக்கைக் கேட்கவே மாட்டார். இரண்டையும் தெரிந்தவர், அனுப்பம்பட்டில் ரயில் ஏறிப் போய்க்கொண்டிருக்கும் நம் பிள்ளைதான்.

கணக்கு மட்டும் இல்லை. உயர் நீர் வரும் நேரம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் அளவுக்குத் தள்ளிப்போவது ஏன் என்பது இயற்பியல். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்க, கோடையில் ஏரியில் உப்பு ஏற, இறாலும் மடவையும் அதற்கேற்ப வந்துபோவது உயிரியல். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது வரலாறு, அதன் மிச்சமும் அவர்களுடைய கல்லறைகளும் பிள்ளைகள் விளையாடுகிற இடத்திலேயே இருக்கின்றன. முகத்துவாரம் மண்ணடித்து அடைத்துக்கொண்டால் ஊரின் வயிறு காய்வது ஏன் என்பது பொருளாதாரம். பாடநூலில் எங்கோ இருக்கிற ஊரின் குளத்தையும் சந்தையையும் வைத்து இவற்றைச் சொல்லிக்கொடுப்பதை எத்தனை காலத்துக்குத் தொடர்வது?

இனி ஆசை வந்துவிட்ட பிள்ளையின் வழி என்ன என்று பார்க்க வேண்டும். பட்டம் முடித்து பி.எட். இரண்டு ஆண்டு. அதன்பின் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க டெட் என்ற தகுதித் தேர்வு. தமிழ்நாட்டில் 2012இல் முதன்முதலாக நடந்த தேர்வு அது. பிறகு பணியிடத்துக்கான காத்திருப்பு. மீனவக் குடும்பத்துக்கு இந்த ஆண்டுகள் ஒவ்வொன்றும் பாரம். வலைக்கும் டீசலுக்கும் வாங்கிய கடனுக்கு நடுவில், ‘இன்னும் எத்தனை வருஷம்மா படிப்ப?’ என்ற கேள்வியைத் தாங்கிக்கொண்டு படிக்க வேண்டும். ஆசை மட்டும் இருந்தால் போதும் என்று இந்தப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. பி.எட். படிப்பவர்கள் இருபது வாரம் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. சென்னையைச் சுற்றியுள்ள கல்வியியல் கல்லூரிகள் தங்கள் மாணவர்களில் ஒரு பகுதியினரைப் பழவேற்காட்டுப் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பட்டும். இந்தக் கரைப் பிள்ளைகள் பி.எட். சேர்ந்தால் அவர்களுடைய இருபது வாரமும் சொந்த ஊர்ப் பள்ளியிலேயே நடக்க வழி செய்யட்டும். பஸ் செலவும் அறை வாடகையும் மிச்சம், வீட்டில் சாப்பாடு. இல்லம் தேடிக் கல்வியில் மாலை மாலையாக உழைத்தவர்கள் பி.எட். சேர வந்தால் அந்த உழைப்புக்கு மதிப்பெண் கொடுக்கட்டும். பட்டப்படிப்பில் இருக்கிற மாணவர்களுக்கும், மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் ஏதாவது ஒரு குப்பத்துப் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கற்பிப்பதை ஒரு தாளாகவே வைக்கலாம். நின்று பார்த்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வேறு வேலைக்குப் போகட்டும். அந்த இரண்டு பேர் எங்களுக்கு வேண்டும்.

பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் கல்லூரி நடத்துகிறவர்கள், பாடத்திட்டக் குழுக்களில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பு ஒரு முறை பழவேற்காட்டுப் பள்ளித் தலைமையாசிரியர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்ற பட்டியல் அவர்களிடம் கைவசம் இருக்கும்.

(தொடரும்)